பரிதி மடல் நடத்திய அக்கா

உளவாளி பரிதியின் தாயார் நான்காவது புத்தகத்தில் இறந்துபோனார். முப்பத்தொன்றாவது புத்தகத்தில் மகனுக்குக் காப்பி கலந்து கொடுத்தார். இதைக் கண்டுபிடித்தவள் நான். ஒரு துண்டுத்தாளில் பக்க எண்ணோடு குறித்து, அக்காவின் மேசைமேல் இருந்த பிஸ்கட் டின்னில் போட்டேன். மறுவாரம் பதில் வந்தது.

"காப்பி கொடுத்தவர் பரிதியின் சித்தி. தாயை இழந்த பிள்ளை சித்தியை அம்மா என்று அழைப்பது நம்மவர் வழக்கம். வாசகர் இதில் குழம்பத் தேவையில்லை."

நான் விடவில்லை. பரிதியின் தாயார் வீட்டுக்கு ஒரே பெண் என்று ஏழாவது புத்தகத்தில் வருகிறது. அதையும் எழுதிப் போட்டேன். அதற்கும் பதில் வந்தது.

"ஒன்றுவிட்ட தங்கையும் சித்திதான்."

அன்றைக்கு நான் தோற்றேன். தோற்றது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தபோது, அவர் அங்கே ஏற்கனவே பத்து வருடம் பழகியவர். கோப்பறை அவர் பொறுப்பு. அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. மேலாளரான சீனர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கவுன், தட்டையான செருப்பு, மழையோ வெயிலோ ஒரு கறுப்புக் குடை. தன்னைவிட இளைய பெண்களையெல்லாம் "பிள்ளை" என்பார். அவருடைய வீட்டுப் பேச்சில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். மற்றபடி எங்களைப் போலவே பேசுவார்.

பரிதி புத்தகங்கள் மெட்ராஸிலிருந்து மாதம் ஒன்றாக வரவேண்டும். கப்பலில் வந்ததால் சில மாதம் ஒன்றுமே வராது, சில மாதம் மூன்று சேர்ந்து வரும். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஊதுபத்தி, பஞ்சாங்கம், சாமி படம் விற்கும் கடையில் ஒரு பிரதியை அக்காவுக்காக எடுத்து வைத்திருப்பார்கள். அந்த ஒரு பிரதியைப் பதினோரு பேர் படித்தோம். பின்னட்டையில் ஒட்டிய தாளில் பதினோரு பெயரும் வரிசையாக இருக்கும். மூன்று நாளில் படித்து, பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு, அடுத்தவரிடம் சேர்க்க வேண்டும்.

புத்தகத்தோடு 'பரிதி மடல்' என்று ஒற்றைத் தாள் ஒன்றும் போகும். அக்கா அதை ஸ்டென்சில் தாளில் கையாலேயே எழுதி, சாப்பாட்டு நேரத்தில் அலுவலக சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஓட்டி எடுப்பார். தாள், பழைய சரக்குப் பட்டியல்களின் வெற்றுப் பின்புறம். பரிதி பனிமலையில் சிறைப்பட்ட செய்தியைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினால், இருநூறு மூட்டை வெங்காயம் ஈரம் பட்டு வந்த விவரம் இருக்கும்.

மடலில் மூன்று பகுதி. முதலில் செய்தி. "பரிதிக்குத் திருமணம் என்று எழுந்துள்ள பேச்சு இன்னும் உறுதியாகவில்லை." "அடுத்த புத்தகத்தின் அட்டையில் ஹெலிகாப்டர் உண்டு. உறுதி." இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், மெட்ராஸில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பார். அடுத்த புத்தகத்தின் அட்டை, முந்தைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே விளம்பரமாக வந்திருக்கும். நாங்களும் பார்த்திருப்போம். ஆனாலும் மடலில் 'உறுதி' என்று படித்தால்தான் எங்களுக்கு உறுதியாகும்.

அடுத்தது கருத்து. பரிதி சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று தொடர்ந்து மூன்று மடலில் எழுதினார். அதற்குப் பிறகு வந்த ஒரு புத்தகத்தில் பரிதி ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்கவில்லை. மெட்ராஸில் தன் மடலைப் படிக்கிறார்கள் என்பதற்கு அக்காவுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, அந்தக் கதை முழுக்க அவன் நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள இருக்கான். அங்க எப்படிப் பத்த வைப்பான்?" என்று கேட்டேன்.

"மேல வந்து பிடிக்கலாந்தானே பிள்ளை? ரெண்டு தரம் மேல வந்தான். பிடிச்சானா?"

மூன்றாவது பகுதிக்கு 'ஐயம்' என்று பெயர். பிஸ்கட் டின் இதற்காகத்தான். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா அதைத் திறந்து பதில் எழுதுவார். கதையில் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சீட்டு எழுதிப் போட வேண்டும். அந்த மாதத்தின் சிறந்த குறையைக் கண்டவருக்கு, அடுத்த புத்தகம் அக்கா படித்து முடித்ததும் முதலில் கிடைக்கும். ஆகவே பதினோரு பேரும் கதையைப் படித்தோமோ இல்லையோ, குறையைப் படித்தோம். பரிதிக்கு இடது தோளில் குண்டு பாய்கிறது, அடுத்த அத்தியாயத்தில் வலது கையில் கட்டு. எதிரிக்குத் தன் நல்ல கை எது என்று தெரியாமலிருக்க மாற்றிக் கட்டியிருக்கிறான் என்றார் அக்கா. பதினைந்து வருடமாகப் பரிதிக்கு முப்பத்திரண்டு வயது. உளவாளியின் பிறந்த தேதி அரசாங்க ரகசியம், நம்மிடம் சொல்லியிருப்பது பேருக்கு ஒரு வயது என்றார்.

ஒரே ஒரு விதி. எழுத்தாளர் தவறிவிட்டார் என்பது பதிலாகாது.

"அவருக்கு மறந்துபோச்சுன்னு சொல்றதுக்கு மூளை வேணுமா பிள்ளை? அதை யார் வேணும்னாலும் சொல்லலாம் லா. அவர் ஏன் அப்படி எழுதினார்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை."

குறை கண்டுபிடிப்பதில் நான்தான் முதல். சரக்குப் பட்டியல்களில் ஒரு மூட்டை கூடினாலும் குறைந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அதே கண்தான் பரிதிக்கும். வருடத்தில் ஏழெட்டு முறை அக்காவுக்கு அடுத்த இடம் எனக்குத்தான். நான் பார்ப்பேன், அவர் விளக்குவார். எங்கள் சிநேகம் அப்படித்தான் வளர்ந்தது. அதில் ஒரு சுகம் இருந்தது. எவ்வளவு பெரிய ஓட்டையைப் பார்த்தாலும் பயமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அது ஓட்டை இல்லையென்று ஆகிவிடும்.

பரிதி பினாங்குக்கே வந்த புத்தகம் ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசியில் வந்தது. எங்கள் ஊருக்கு வருகிறான் என்று மடலில் மூன்று மாதம் முன்பிருந்தே செய்தி. வந்தான். பட்டர்வொர்த்தில் காரில் ஏறி, எண்பது மைல் வேகத்தில் விரட்டி, அடுத்த வரியில் பீச் ஸ்ட்ரீட் மணிக்கூண்டின் முன்னால் இறங்கினான். எங்கள் ஊர்க் கொடிமலையில் முழங்கால் வரை பனியில் நடந்தான். அந்த வாரம் டின் நிறைந்து மூடி நிற்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நானும் அக்காவும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நடந்தபோது, எங்கள் பதினோரு பேரில் ஒருவரான நோட்டு மாற்றும் கடை அண்ணன் வெளியே வந்து வழிமறித்தார்.

"அக்கா, படகு எங்கக்கா? பட்டர்வொர்த்ல ஏறுனவன் பீச் ஸ்ட்ரீட்ல இறங்குறான். நடுவுல கடல் இருக்கு லா! நான் தெனம் படகுல வாறவன், எனக்குத் தெரியாதா?"

"உங்களை யாராச்சும் பின்தொடர்றாங்களா அண்ணே?"

"என்னையா? என் பொண்டாட்டிகூட பின்னால வரமாட்டா."

"அதான் நீங்க படகுல வாறீங்க. பரிதியைப் பிடிக்க நிக்கிறவன் படகுத்துறையிலதான் நிப்பான். இவன் எந்த வழியா வந்தான்னு எழுத்தாளரே எழுதிட்டா அப்புறம் என்ன ரகசியம்? வேணும்னேதான் விட்டிருக்கார்."

"சரி, கொடிமலையில பனி? நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன், ஒரு ஐஸ் கட்டிகூட விழுந்ததில்ல."

அக்கா குடையை மடக்கிக்கொண்டார். "மேல எதிரியோட ஆராய்ச்சிக்கூடம் இருக்குன்னு அதே பக்கத்துல வருதா இல்லையா? அதோட குளிர்சாதனம் உடைஞ்சா என்னாகும்?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தங்கச்சி. இது நியாயமா?"

"எனக்குச் சரியாத்தான் படுது அண்ணே" என்றேன். அந்தப் பனிச் சீட்டை எழுதிப் போட்டவளே நான்தான்.

சில வருடம் கழித்துக் கடலுக்குக் குறுக்கே பினாங்குப் பாலத்தைத் திறந்தார்கள். அந்த வாரம் சிறப்பு மடல், சிவப்பு மையில். படகில்லாமல் பட்டர்வொர்த்திலிருந்து வரமுடியும் என்று எழுத்தாளர் எத்தனையோ வருடம் முன்பே எழுதியிருந்ததை வாசகர்களுக்கு நினைவூட்டினார் அக்கா. அண்ணன் மோட்டார் சைக்கிளிலேயே பாலத்தைக் கடந்து, நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கோப்பறை வாசலில் தலைக்கவசத்தோடு நின்றார்.

"ஒத்துக்கிறேன்க்கா. படகே இல்லாம வந்துட்டேன். ஆனா பனிய மட்டும் ஒத்துக்கமாட்டேன்."

"பொறுங்க அண்ணே" என்றார் அக்கா. "காலம் இருக்கு."

எண்பதுகளின் நடுவில் பரிதியின் நடை மாறியது. வாக்கியங்கள் குட்டையாயின. பரிதி திடீரென்று ஜோக் அடித்தான். பழைய எழுத்தாளர் காலமாகிவிட்டார், அவர் பெயரில் வேறு யாரோ எழுதுகிறார் என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அக்கா பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டார். நான்கு மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது: தங்கள் அன்புக்கு நன்றி, என்றும் உங்கள் எழுத்தாளர். கீழே ரப்பர் முத்திரைக் கையெழுத்து, அதுவும் சற்றுச் சாய்ந்து. அட்டை பதினோரு கை மாறியது. பத்துப் பேர் முத்திரையைப் பார்த்தோம். "உளவாளியைப் பத்தி எழுதுறவர் சொந்தக் கையெழுத்தை ஊர் ஊரா அனுப்பிக்கிட்டு இருப்பாரா?" என்றார் அக்கா. செய்திப் பகுதியில், "எழுத்தாளர் நலம். உறுதி" என்று வந்தது.

எல்லா இடத்திலும் சிரிக்க முடியவில்லை. நான் சேர்ந்து ஆறாவது வருடம் தலைமை எழுத்தர் இடம் காலியானது. வரிசைப்படி அது அக்காவுக்கு. எனக்குக் கொடுத்தார்கள். அன்று முழுக்க நான் கோப்பறைப் பக்கமே போகவில்லை. மாலையில் அவரே என் மேசைக்கு வந்தார்.

"ஏன் பிள்ளை முகம் இப்படி இருக்கு? மேலாளர் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கார். என்னை இங்க தூக்கிப் போட்டுட்டா எந்தக் கோப்பு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கம்பெனியே நின்னுடாது?"

மேலாளர் எதையும் யோசித்திருக்கவில்லை. காலையில் நானே போய், அக்காவுக்கல்லவா வரவேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தேன். அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். அலமாடோய், அக்காவை மறந்தே போனேன் என்றார். கடிதம் தட்டச்சாகிவிட்டது, இனி என்ன செய்ய என்றார். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவர் சொன்ன காரணம் உண்மையான காரணத்தைவிட நன்றாக இருந்தது. எனக்கும் அது வசதியாக இருந்தது.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமாகி, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியில் குடியேறினோம். மாலினி ஒரே மகள். பதினான்கு வயதில் அவள் பன்னிரண்டாவது வாசகியானாள். அக்காவைப் பெரியம்மா என்பாள். பள்ளி விடுமுறை நாள்களில் அலுவலகத்துக்கு அழைத்துப் போனால் கோப்பறையில்தான் கிடப்பாள்.

"பெரியம்மா, பரிதி எப்பத்தான் சாப்பிடுவான்? நூறு பக்கமா ஓடிக்கிட்டே இருக்கான்."

"எழுதாத பக்கத்துல சாப்பிடுவான்."

"எழுதாத பக்கமா?"

"எல்லாத்தையுமா எழுதுவாங்க? நீ பல் விளக்குறதை எழுதி வச்சிருக்கியா?"

"நான் பல் விளக்கலன்னு அம்மா எழுதி வச்சிருப்பாங்க பெரியம்மா."

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த வருடம்தான் அது தொடங்கியது. மாலினி தண்ணீர் குடித்தாள். பள்ளிக்கு இரண்டு போத்தல் கொண்டுபோனாள், திரும்பி வந்ததும் ஜாடியைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். அப்படிக் குடிப்பதை நின்று பார்த்தேன். மறுநாள் அக்காவிடம் போனேன். குறையைக் கண்டால் அவரிடம் கொண்டுபோவது பதினைந்து வருடப் பழக்கம். அது புத்தகத்தோடு நின்றுவிடுமா?

"பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எப்ப?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம்."

"வெயில்ல ஓடுற பிள்ளை தண்ணி குடிக்காம பெட்ரோலா குடிக்கும்?"

போட்டி முடிந்தது. தண்ணீர் நிற்கவில்லை. உடம்பு பழகிவிட்டது, நிறுத்த நாளாகும் என்றார். பிறகு பள்ளிச் சீருடை இடுப்பில் தொளதொளத்தது, இரண்டு ஊக்கு குத்தி அனுப்பினேன்.

"உயரமா வளர்றா பிள்ளை. மாவை நீளமா உருட்டினா மெலியத்தானே செய்யும்?"

பிறகு கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றாள். இதைக் கேட்டு அக்கா தன்னையே நொந்துகொண்டார், கொஞ்சம் பெருமையோடு. பரிதி புத்தகத்தில் எழுத்து ரொம்பப் பொடி, பிள்ளை விழுந்து விழுந்து படித்ததில் கண் களைத்துவிட்டது என்றார். வாசகர்கள் நல்ல வெளிச்சத்தில் மட்டுமே படிக்க வேண்டும் என்று அந்த மாத மடலில் ஒரு குறிப்பும் வந்தது. பிறகு பள்ளியிலிருந்து வந்ததும் சீருடையோடு படுத்துத் தூங்கிப்போனாள். வயது அப்படி என்றார். கடைசியாக, அவள் வாயில் கனிந்து அழுகப்போகும் பழத்தின் வாசம் வந்தது. இரவுச் சாப்பாட்டையும் தொடவில்லை.

"இப்ப ரம்புத்தான் சீசன். பிள்ளைங்க கூட்டமா வாங்கித் தின்னுட்டு வீட்டுல வந்து மறைக்கிறது. அதான் வாசம். அதான் வயித்துல இடமில்ல."

ஒரே காரணத்தில் இரண்டு குறை அடங்கிவிட்டதைப் பார்த்து, எனக்குப் பழைய நாள்களைப் போல மெச்சத்தான் தோன்றியது.

என் கணவர் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை பார்த்தார். மகளை விழித்திருக்கும் நேரத்தில் அவர் பார்ப்பதே வாரத்தில் இரண்டு நாள். அப்படிப் பார்த்த ஒரு நாள் கேட்டார்.

"என்னா இது, இப்படி இளைச்சிட்டா? கிளினிக்குக் கூட்டிட்டுப் போ லா."

"அக்காகிட்ட கேட்டேன். வளர்ற வயசாம்."

"அக்கா டாக்டரா?"

"டாக்டரவிட நல்லா யோசிப்பாங்க" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, மாலினி எழுந்து பள்ளிக்குக் கிளம்பவில்லை. வாந்தி எடுத்திருந்தாள். ஓடி முடித்தவளைப் போல ஆழமாக மூச்சு வாங்கினாள். கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு கையிலும் குழாய் ஏற்றினார்கள். எங்களைப் போலத் தமிழரான ஓர் இளம் பெண் மருத்துவர், தண்ணீர், இளைப்பு, கண், தூக்கம், பழ வாசம் என்று நான் ஆறு வாரமாக ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பதில் வாங்கி வந்த அத்தனைக்கும் சேர்த்து ஒரே காரணம் சொன்னார். இனிப்பு நீர். இரத்தத்தில் சர்க்கரை ஏறி, உடம்பு தன்னையே தின்னத் தொடங்கி, மயக்கம் வரை வந்துவிட்டது என்றார்.

பிள்ளைகளுக்கு அது வருமா என்று எல்லாரும் கேட்டோம். எங்கள் குடும்பங்களில், ஐம்பது தாண்டிய மாமாக்கள் சீனி இல்லாத காப்பி குடிப்பதற்குப் பெயர்தான் இனிப்பு நீர்.

மாலினி இரண்டாம் நாள் மாலையில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அன்றிலிருந்து ஊசி. இப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. தானே போட்டுக்கொள்கிறாள், வேலைக்குப் போகிறாள், என்னைவிடத் தெளிவாக இருக்கிறாள். தெளியாதவள் நான்தான். அவள் அடுக்களையில் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டால், இருக்கும் இடத்திலிருந்தே டம்ளர்களை எண்ணுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் அக்காவைத்தான் பிடித்துக்கொண்டது. "யாரு அந்தப் பொம்பள? கதைப் புத்தகம் படிக்கிறவ வைத்தியம் பாத்தாளா? புள்ளைய கொன்னிருப்பாளே" என்றாள் என் நாத்தனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது சும்மா இருந்தது ஆமாம் என்று சொன்ன கணக்குத்தான். செய்தி அலுவலகத்துக்கும் போய், பதினோரு பேருக்கும் தெரிந்தது. அடுத்த மடலில் செய்தி இருந்தது, கருத்து இருந்தது. ஐயம் இல்லை. வழக்கம்போலச் சிலர் டின்னில் சீட்டுப் போட்டார்கள். அக்கா வெள்ளிக்கிழமைகளில் அதைத் திறந்து, சீட்டுகளைப் படிக்காமல் அடுக்கி, மேசை இழுப்பறையில் வைத்தார்.

ஒரு வருடத்தில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு சிரம்பானில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் ஒரு முழு நாள் என்னைக் கோப்பறைக்குள் அழைத்து, எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வோர் அலமாரியாகக் காட்டிக் கொடுத்தார். மாலினியின் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாலினிதான் தீபாவளிக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். பதில் வரும். அவளுக்கு ஒரு பக்கம், எனக்குக் கடைசியில் ஒரு வரி: அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த வியாழக்கிழமை வார்டில் நடந்ததை நான் கணவரிடமும் சொன்னதில்லை.

யாரோ அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவர் காரணத்தைச் சொல்லி முடித்தபோது அக்கா வந்து என் பக்கத்தில் நின்றிருந்தார். அதையும் கேட்டிருந்தார். கணவர் இன்னும் வந்து சேரவில்லை. மருத்துவர் அட்டையைத் திருப்பி, பேனாவை எடுத்து, "எப்ப இருந்து இதெல்லாம்? முடிஞ்ச வரைக்கும் வரிசையா சொல்லுங்க" என்றார்.

நான் மாலினியின் கையில் ஏறிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சொன்னார். தண்ணீர் தாகம் விளையாட்டுப் போட்டிக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை. சீருடை தளர்ந்தது அதற்கு எட்டாம் நாள். கரும்பலகை மங்கியது மூன்றாவது வாரம் புதன்கிழமை, கணக்குப் பாடத்தில். பகல் தூக்கம் ஐந்தாவது வாரம். வாய் வாசமும் சாப்பாடு இறங்காததும் போன செவ்வாய். கோப்பு எடுத்துக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"நீங்கதான் அம்மாவா?"

"இல்ல டாக்டர். அம்மா இவங்க" என்றார் அக்கா. "ஒவ்வொண்ணையும் அன்னன்னைக்கே கவனிச்சு எங்கிட்ட வந்து சொன்னாங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொன்னது நாந்தான். இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மருத்துவர் பேனாவை அட்டைமேல் வைத்தார். "ஆன்ட்டி, நல்ல மனசோடதான் சொல்லியிருப்பீங்க. ஆனா இன்னும் ஒரு நாள் போயிருந்தா..."

"தெரியுது டாக்டர்."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இதைத் தவிர வேற ஏதாவது பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். நான்காவது வாரத்தில் ஒரு காலை, மாலினி பள்ளிக்குப் போன பிறகு, கழிப்பறைத் தரையில் எறும்பு. தண்ணீர் சரியாக ஊற்றாத மூலையில், சுவரிலிருந்து இறங்கி வரிசையாக வந்து மொய்த்துக்கொண்டிருந்தது. என் அப்பாவுக்கு இனிப்பு நீர் என்று அப்படித்தான் தெரியவந்தது. எனக்குப் பத்து வயதில் எங்கள் பழைய வீட்டில் அதே மாதிரி எறும்பைப் பார்த்திருக்கிறேன். அது எங்கே வரும், எதற்கு வரும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். மறுநாளும் வந்தது. மறுநாளும் கழுவினேன். கழுவிவிட்டு அலுவலகத்துக்குப் போய், அக்காவிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். சொல், தயங்காமல் சொல் என்பதுபோல என் முழங்கையைத் தொட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன். "பாத்ததெல்லாம் அக்காகிட்ட சொல்லிட்டேன்."